ஹைட்ராவின் செல்கள் பேசிக்கொள்வதைப் பார்க்க வேண்டுமா? முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு

பழகாத கண்ணுக்கு ஹைட்ரா ஒரு நூல் பிசிறு போலத்தான் தெரியும். நன்றாக நீண்டால் ஒரு சென்டிமீட்டர், பயந்து சுருங்கினால் கடுகைவிடச் சின்ன உருண்டை. மூளை கிடையாது, இதயம் கிடையாது, இரத்தம் கிடையாது. உடல் முழுக்க இரண்டே அடுக்குச் செல்கள், நடுவில் ஜெல்லி போல ஒரு மெல்லிய படலம். அதை நடுவில் வெட்டிப் போட்டால் மேல் துண்டு தனக்குப் பாதத்தை முளைக்க வைத்துக்கொள்கிறது, கீழ்த் துண்டு தலையை முளைக்க வைத்துக்கொள்கிறது. எந்தத் துண்டுக்கு எது குறைகிறது என்று அந்தச் செல்களுக்கு எப்படித் தெரிகிறது? பக்கத்துச் செல்லிடம் கேட்டுத்தான்.

பள்ளியில் ஹைட்ராவைப் படம் வரைந்து பாகம் குறித்தோம், மொட்டு விடுதலுக்கு ஐந்து மதிப்பெண் வாங்கினோம், அதோடு விட்டுவிட்டோம். உயிரோடு இருக்கிற ஹைட்ராவைப் பார்த்தவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், இங்க் ஃபில்லர், சேவிங் பிளேடு, நாலைந்து கண்ணாடிக் கிண்ணம், ஒரு நோட்டு இருந்தால் போதும். 280 வருடங்களுக்கு முன் ஹைட்ராவை வெட்டிப் பார்த்து இந்த அதிசயத்தைக் கண்டவரிடமும் இதைவிட அதிகமாக எதுவும் இருக்கவில்லை.

முதலில் பிடிக்க வேண்டும்

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்து, வெயில் ஏறாத மாதங்கள்தான் சரியான காலம். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை தேடுங்கள். ஓடாத, சாக்கடை கலக்காத குளம் அல்லது கோயில் தெப்பம் போதும். ஆகாயத்தாமரை வேர், வேலம்பாசி, அல்லி இலையின் அடிப்பக்கம், தண்ணீரில் ஊறிய சருகு ஆகியவற்றில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, அதே குளத்துத் தண்ணீரோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். பாட்டிலை நிரப்பிவிடாதீர்கள். கூடவே ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் குளத்துத் தண்ணீரைத் தனியாகக் கொண்டுவாருங்கள். ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு ஒரு நாள் தொடவே தொடாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். குலுங்கி வந்த ஹைட்ரா சுருங்கிப்போய் இருக்கும், அப்போது தேடினால் ஒன்றும் கிடைக்காது. மறுநாள் வெளிச்சம் வரும் பக்கத்துக் கண்ணாடியைப் பாருங்கள். பாதம் ஒட்டிக்கொண்டு, உடல் நீண்டு, நுனியில் ஐந்தாறு உணர்நீட்சிகள் மெல்லிய சிலந்தி இழை போலத் தொங்கினால் அதுதான். குளத்தில் கிடைக்காவிட்டால் வண்ணமீன் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். செடியோடு ஒட்டி வந்து, மீன் குஞ்சைப் பிடித்துத் தின்கிறது என்று ஹைட்ராவை ஒழிக்க மருந்து தேடிக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீர்தான் எல்லாம்

வெட்டும் கலையை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். தண்ணீரைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

என் முதல் கூட்டத்தை நான் செம்புக் குடத்துத் தண்ணீரால் கொன்றேன். உடம்புக்கு நல்லது என்று இராத்திரி ஊற்றி வைத்திருந்த தண்ணீர், சுத்தமாகத்தானே இருக்கும் என்று கிண்ணத்தில் மாற்றினேன். காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது உணர்நீட்சிகளின் நுனிகள் குண்டூசித் தலை போலத் திரண்டிருந்தன. மதியம் அவை உள்ளிழுத்துக் குட்டையாகிவிட்டன. மாலையில் உடலே விரியாத துலிப் மொட்டு மாதிரி நின்றது. மறுநாள் கிண்ணத்தின் அடியில் மங்கலான பொடிதான் மிச்சம். செம்பு ஹைட்ராவுக்கு அத்தனை கொடிய விஷம். தண்ணீரில் உலோகம் கலந்திருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்களில் ஹைட்ராவையே பயன்படுத்துகிறார்கள். நான் பார்த்த அதே வரிசையை, நுனி திரள்வது, குட்டையாவது, மொட்டாவது, கரைவது என்று படிப்படியாக மதிப்பிடுகிறார்கள்.

ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. விஷம் இருப்பதால் அல்ல, கால்சியம் இல்லாததால். செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கவும், இரையைக் குத்தும் கொட்டும் செல்கள் வெடிக்கவும் கால்சியம் வேண்டும். கேனில் வரும் குடிநீரும் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதனால்தான் குளத்துத் தண்ணீரையே கொண்டுவரச் சொன்னேன். நாலாக மடித்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். அது தீர்ந்தபின், ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கால்சியம் குளோரைடு சுமார் 0.15 கிராம், சமையல் சோடா சுமார் 0.1 கிராம் கரைத்துக்கொள்ளலாம். ஆய்வகங்கள் இதோடு மக்னீசியம், பொட்டாசியம் உப்புகளையும் துளி சேர்க்கும். புதுத் தண்ணீருக்கு ஒரேயடியாக மாற்றாமல் பாதிப் பாதியாகக் கலந்து மாற்றுங்கள்.

வெப்பம் 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் ஹைட்ராவுக்குச் சுகம். நம் ஊர் ஏப்ரலில் இது நடக்கிற காரியமா? அகலமான மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதில் கிண்ணத்தைப் பாதி புதைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். பானைத் தண்ணீர் குளிர்வது போல அதுவும் சில டிகிரி குறையும். மே மாதத்தில் வெட்டுச் சோதனை எதையும் செய்யாதீர்கள், பிழைக்க வைத்தாலே போதும்.

சோப்பு போட்டுக் கழுவிய கிண்ணம் வேண்டாம். வெந்நீர் ஊற்றி, துடைக்காமல் காய வைத்தது போதும்.

சாப்பாடு

ஹைட்ரா உயிருள்ள இரையைத்தான் பிடிக்கும். வண்ணமீன் கடைகளில் ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் முட்டை கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர் போனால் தேட வேண்டியதே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு போட்டு, ஒரு சிட்டிகை முட்டையைத் தூவி, காற்றுக்குழாய் விட்டால் 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத் துகள்களாகக் குஞ்சுகள் நீந்தும். டார்ச் அடித்தால் வெளிச்சத்தை நோக்கிக் கூடும், அங்கே உறிஞ்சி எடுங்கள். துணியில் ஊற்றி நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

வாரத்துக்கு மூன்று முறை, ஒரு ஹைட்ராவுக்கு நாலைந்து குஞ்சு. அரைநாள் கழித்துத் தண்ணீரை மாற்றிவிடுங்கள். தின்றது போக மிஞ்சியது அழுகினால் கூட்டமே சரிந்துவிடும். பாசத்தில் அள்ளிக் கொட்டுவதுதான் புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு.

வெட்டுமுன் தொட்டுப் பாருங்கள்

முதல் இரண்டு வாரம் பிளேடை எடுக்கவே வேண்டாம். ஒரு தலைமுடியைத் தீக்குச்சி நுனியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உணர்நீட்சியின் நுனியை மட்டும் லேசாகத் தொடுங்கள். அந்த ஒன்று மட்டும் சுருங்கும், மற்றவை அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொடுங்கள். இப்போது பக்கத்து உணர்நீட்சிகளும் இழுத்துக்கொள்ளும், அப்புறம் உடலே உருண்டையாகும். செய்தி எங்கே நின்றது, எங்கே பரவியது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

இதற்குள் இரண்டு வழிகள் வேலை செய்கின்றன. ஒன்று நரம்பு வலை. நடுவில் தலைமைச் செயலகம் எதுவும் இல்லாமல், சில நூறு முதல் சில ஆயிரம் வரையிலான நரம்புச் செல்கள் மீன் வலை போல உடல் முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன. 2017இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டுப்ரே, யூஸ்டே இருவரும், நரம்புச் செல் வேலை செய்யும்போது ஒளிரும்படி மரபணு மாற்றிய ஹைட்ராவை எடுத்து, அதன் நரம்பு வலை முழுவதையும் ஒரே நேரத்தில் படம்பிடித்தார்கள். ஒரே வலை என்று நினைத்திருந்த இடத்தில், ஒன்றோடொன்று கலக்காத பல வலைகள் இருந்தன. சுருங்குவதற்கு ஒன்று, நீளும்போது இயங்குவதற்கு வேறொன்று.

இன்னொரு வழி நரம்பே இல்லாதது. தோல் போன்ற செல்கள் ஒன்றோடொன்று நுண்ணிய குழாய்களால் இணைந்திருக்கின்றன. ஒட்டு வீடுகளின் பொதுச்சுவரில் ஒரு சின்ன மாடம் திறந்து, அதன் வழியே சாமான் கைமாற்றிக்கொள்வது போல அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் இந்தக் குழாய் வழியே ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும். உயிரியல் படித்தவர்கள் இதை கேப் ஜங்ஷன் என்பார்கள். 1987இல் இந்தக் குழாய்களை எதிர்ப்புப்புரதம் கொண்டு அடைத்துப் பார்த்தார்கள். உடலில் தலை எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்கிற ஒழுங்கே குலைந்தது.

அடுத்தது இரைச் சோதனை. சின்னப் பருத்தி நூல் துணுக்கை உணர்நீட்சியில் படவிடுங்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. இப்போது ஏழெட்டு ஆர்ட்டீமியா குஞ்சுகளை ஒரு சொட்டுத் தண்ணீரில் நசுக்கி, அந்தச் சாற்றை ஃபில்லரில் எடுத்து மெதுவாகப் பக்கத்தில் விடுங்கள். இரை எதுவும் இல்லாமலே உணர்நீட்சிகள் வாயை நோக்கி நெளியும், வாய் திறக்கும். குளூட்டாதயோன் என்ற சிறிய மூலக்கூறுதான் காரணம் என்று 1955இல் லூமிஸ் காட்டினார். கொட்டும் செல் குத்திய காயத்திலிருந்து இரையின் உடல்சாறு கசிகிறது, அதில் இருக்கும் குளூட்டாதயோன் 'சாப்பாடு வந்தாச்சு' என்று அறிவிக்கிறது. வயிறு நிரம்பிய ஹைட்ரா இதற்கு அவ்வளவாக அசையாது. ஒரு நாள் பட்டினி போட்டதையும் அப்போதுதான் தின்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்து பாருங்கள்.

இனி வெட்டலாம்

24 மணி நேரம் சாப்பாடு கொடுக்காத, மொட்டு இல்லாத, நன்றாக நீண்டிருக்கும் ஹைட்ராவைத் தேர்ந்தெடுங்கள். அரை பிளேடை வெந்நீரில் கழுவி ஆற வையுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் அரை சென்டிமீட்டர் உயரம் போதும். பிளேடு கிட்டே வந்ததும் அது சுருங்கும். அவசரப்படாதீர்கள். மறுபடி நீளும்வரை பிளேடைத் தண்ணீருக்குள்ளேயே அசையாமல் பிடித்துக் காத்திருந்து, நடுவில் ஒரே அழுத்து. அறுக்கக் கூடாது. அறுத்தால் ஓரம் நைந்துபோகும்.

மேல் துண்டு, கீழ்த் துண்டு இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, தேதியும் மணியும் எழுதி ஒட்டுங்கள். வெட்டாத ஒன்றையும் அதே தண்ணீரில், அதே பட்டினியில் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் செத்தால் தப்பு தண்ணீரில்தான் என்று தெரிந்துவிடும். இந்த மூன்றாவது கிண்ணத்தை வைக்க எல்லோருக்கும் சோம்பல். அது இல்லாத சோதனையிலிருந்து நீங்கள் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

சில மணி நேரத்தில் காயம் மூடிக்கொள்ளும். இரண்டாம் நாள் கீழ்த் துண்டின் மேல் ஓரத்தில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். உணர்நீட்சிகள் அவைதான். மூன்றாம் நாள், குளிர்ந்த வீடாக இருந்தால் நாலாம் நாள், ஒரே ஒரு ஆர்ட்டீமியா குஞ்சைக் கொடுத்துப் பாருங்கள். பிடித்து விழுங்கினால் தலை வேலைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். செல்போன் படம் நல்லதுதான், ஆனால் வரையும்போதுதான் கண் எண்ணுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? வெட்டிய இடத்தின் ஓரச் செல்கள் சிறிது நேரத்திலேயே விண்ட்-3 என்ற புரதத்தை வெளியே விட ஆரம்பிக்கின்றன. அதை வாங்கிக்கொண்ட பக்கத்துச் செல்கள் தலை கட்டும் வேலையில் இறங்குகின்றன. முழு ஹைட்ராவில் இந்தப் புரதம் வாயின் நுனியில்தான் உருவாகிறது என்று 2000இல் தெரியவந்தது. 2009இல் ஜெனீவாவில் பிரிஜிட் காலியோவின் குழு கண்டது என்னை உலுக்கிவிட்டது. நடுவில் வெட்டினால், கீழ்த் துண்டின் காயத்தருகே சில செல்கள் சாகின்றன. சாகிற அந்தச் செல்கள்தான் விண்ட்-3ஐ வெளியிட்டுப் பக்கத்துச் செல்களைப் பிரிந்து பெருகத் தூண்டுகின்றன. சாவைத் தடுத்துவிட்டால் தலை வருவதும் தடைபடுகிறது.

அதே ஜெனீவாவில் பிறந்தவர்தான் ஆபிரகாம் டிரெம்ப்ளே. நெதர்லாந்தில் ஹேக் நகரத்துப் பக்கம் ஒரு பிரபுவின் இரண்டு பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவர். 1740இல், பச்சையாக இருக்கும் இது செடியா பிராணியா என்று தெரியாமல், வெட்டினால் முளைப்பது செடிதானே என்று வெட்டிப் பார்த்தார். இரண்டு துண்டும் முழுதாகி, நடந்து, இரை பிடித்தன. 1744இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர், இரண்டு சிறுவர்கள், ஒரு ஜன்னலோரக் கண்ணாடிப் புட்டி. புதிதாகத் தொடங்கும் யாருக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, அடுத்த கேள்வி. 'தலை கட்டு' என்ற செய்தி பரவிக்கொண்டே போனால் உடல் முழுக்கத் தலையாக வேண்டாமா? கூடவே 'இங்கே ஏற்கெனவே தலை இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்' என்ற செய்தியும் தலையிலிருந்தே போகிறது. முதலாவது கொஞ்ச தூரம்தான் எட்டும், இரண்டாவது நெடுந்தூரம் எட்டும். இந்த இரண்டையும் வைத்தே ஒழுங்கான உருவம் எழும் என்று கீரர், மைன்ஹார்ட் இருவரும் 1972இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கண்ணால் பார்க்க வேண்டுமானால் உங்கள் ஹைட்ரா எங்கே மொட்டு விடுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பத்து ஹைட்ராவை வரைந்தாலும் மொட்டு தலைக்குப் பக்கத்தில் வராது. தலையிலிருந்து உடலின் மூன்றில் இரண்டு பங்கு கீழே, தடைச் செய்தி தேய்ந்துபோன இடத்தில்தான் வரும்.

இதில் நரம்புகளுக்குப் பங்கு உண்டா என்று கேட்பீர்கள். 1970களில் கலிபோர்னியாவில் கேம்ப்பெல்லும் மார்க்கமும் கோல்ச்சிசின் மருந்தால் நரம்புச் செல்களே இல்லாத ஹைட்ராக்களை உண்டாக்கினார்கள். அவற்றால் இரை பிடிக்க முடியவில்லை, வாய்க்குள் ஊட்டிவிட வேண்டியிருந்தது. ஆனால் வெட்டினால் தலை முளைத்தது, மொட்டும் விட்டது. உருவம் பற்றிய பேச்சை நரம்பு இல்லாமலே தோல் செல்களால் நடத்திக்கொள்ள முடிகிறது.

இரண்டாவது தலை

கை பழகிய பிறகு ஒட்டுச் சோதனைக்கு வாருங்கள். 1909இல் ஈத்தல் பிரவுன் செய்தது இது. ஒரு ஹைட்ராவின் உணர்நீட்சி ஒன்றை, அதன் அடியில் இருக்கும் வாயோரத் திசு கொஞ்சத்தோடு வெட்டியெடுத்து, இன்னொன்றின் உடல் நடுவில் ஊசியால் கீறிச் செருகினார். அங்கே புதிதாக ஒரு தலையும் உடலும் கிளைத்தன. வந்த துண்டே வளர்ந்ததா, அல்லது அது உத்தரவு போட்டு அங்கிருந்த செல்களைக் கூட்டியதா? இதைப் பிரிக்க அவர் பச்சை ஹைட்ராவையும் நிறமிழந்த ஹைட்ராவையும் ஒன்றோடொன்று ஒட்டினார். கிளையின் பெரும்பகுதி, ஒட்டப்பட்ட உடலின் நிறத்திலேயே இருந்தது. அதாவது அந்தச் சின்னத் துண்டு அக்கம்பக்கத்தைப் பேசியே தன் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறது. தவளைக்கு உறவான, வால் உள்ள நியூட் என்ற பிராணியின் கருவில் இதையே ஸ்பெமானும் ஹில்ட மாங்கோல்டும் காட்டியது 1924இல். ஸ்பெமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரவுனின் பெயரைப் பலரும் கேட்டதே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் செய்யும்போது மெல்லிய சிரிஞ்ச் ஊசியால் கீறுங்கள், துண்டைச் செருகியதும் முடியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, இரண்டு மணி நேரம் கிண்ணத்தை அசைக்காமல் விடுங்கள். பத்தில் இரண்டு ஒட்டினாலே முதல் தடவைக்கு நல்ல பலன். ஒப்பிட்டுப் பார்க்க, உடல் நடுவிலிருந்து எடுத்த துண்டையும் இன்னொன்றில் ஒட்டுங்கள். அது ஓசையில்லாமல் உடலோடு கரைந்துபோகும். வாயோரத் துண்டையே தலைக்கு ரொம்பப் பக்கத்தில் ஒட்டினால் பெரும்பாலும் எடுபடாது, பழைய தலை விடாது.

ஒட்டுக்குக் கை வரவில்லையென்றால் டிரெம்ப்ளேயின் வழி எளிது. தலையை வாய் நடுவாக நெடுக்கில் பிளந்து, வெட்டு உடலில் பாதிவரை இறங்கட்டும். ஓரங்கள் திரும்ப ஒட்டிக்கொள்ளாமல் முதல் ஒரு மணி நேரம் முடியால் விலக்கிவிட்டுக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு பாதியும் தன் ஓரத்தை மூடி, தன் உணர்நீட்சிகளை நிரப்பிக்கொள்ளும். இப்படியே ஏழு தலைவரை உண்டாக்கியவர் அவர். வெட்ட வெட்டத் தலை முளைக்கும் கிரேக்கக் கதைப் பாம்பின் பெயர் இதற்கு வந்ததும் அதனால்தான்.

இரண்டு தலைக்காரனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாரக்கணக்கில் வளர்த்துப் பாருங்கள். இரண்டு வாய்க்கும் வயிறு ஒன்றுதான். ஒரு தலைக்கு மட்டும் ஆரஞ்சுக் குஞ்சைக் கொடுத்தால் அந்த நிறம் மெல்ல மற்றக் கிளைக்குள்ளும் ஏறுவது லென்ஸில் தெரியும். வாராவாரம் ஒரு படம் வரைந்து, இரண்டு கிளையும் சேரும் கவையை அதில் குறியுங்கள். நடு உடலில் செல்கள் ஓயாமல் பிரிந்து, பழையவை தலைக்கும் பாதத்துக்கும் தள்ளப்பட்டு உதிர்ந்துகொண்டே இருப்பதால், அந்தக் கவை படத்துக்குப் படம் கீழே இறங்கும். அது பாதத்தை எட்டுகிற நாளில் ஒரு பாதம் இரண்டாகும், இரண்டு ஹைட்ராவும் விலகிப் போகும். அன்றைக்குத் தேவைப்படும், இன்னொரு கிண்ணத்தை இப்போதே வெந்நீரில் கழுவி வையுங்கள்.